தானியங்கி இயந்திர வடிவமைப்பில் மெக்கட்ரானிக்ஸ்: தனித்துறையா, மூன்று துறைகளின் ஒட்டுவேலையா?

பிப்ரவரி 3, காலை (வாசகர் கேள்வி)

இயந்திரவியலையும் மின்னியலையும் நிரலையும் இணைக்கும் மெக்கட்ரானிக்ஸ் ஒரு தனித்துறை என்று என்னால் ஏற்க முடியவில்லை. இயந்திரத்தை வடிவமைக்க இயந்திரப் பொறியாளர் இருக்கிறார்; மோட்டாரையும் பேனலையும் மின்பொறியாளர் பார்த்துக்கொள்கிறார்; நிரல் எழுத நிரலாளர் இருக்கிறார். மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் தானியங்கி இயந்திரம் உருவாகிவிடும். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த நான்காமவர் எதற்கு?

பிப்ரவரி 3, இரவு

மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும் என்கிறீர்கள். எப்போது உட்காருகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். சட்டகத்தைப் பற்றவைத்து, மோட்டார்களை வாங்கி, பேனலைக் கட்டி முடித்த பிறகு, இயந்திரம் ஒப்புக்கொண்ட வேகத்தில் ஓடவில்லை என்று தெரியவரும் நாளில்தான் பெரும்பாலும் அந்த மூவரும் முதன்முறையாக ஒன்றாக உட்காருகிறார்கள். அந்த நாளில் எஃகை மாற்ற முடியாது, மோட்டாரை மாற்ற நேரமில்லை. மாற்றக்கூடியதாக மிஞ்சியிருப்பது நிரல் மட்டுமே. ஆகவே எல்லாச் சிக்கலும் நிரலாளர் தலையில் விழுகிறது.

நான் சிறப்பு இயந்திரங்கள் வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். ஒரே ஒரு வேலைக்காக ஒரே ஒரு முறை கட்டப்படும் இயந்திரங்கள் அவை. அங்கு நான் கண்ட வரையில் மெக்கட்ரானிக்ஸ் பொறியாளரின் வேலை மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வது அன்று. ஒரு கடினத்தை எந்தத் துறை சுமக்க வேண்டும் என்பதை, எதுவும் வெட்டப்படுவதற்கு முன்பே முடிவு செய்வதுதான் அவர் வேலை. துல்லியத்தை எஃகில் வாங்குவதா, சென்சாரில் வாங்குவதா, கணக்கில் வாங்குவதா என்பது மூன்று துறைகளில் எதற்கும் தனியாகச் சொந்தமில்லாத கேள்வி. அதனால்தான் பல நிறுவனங்களில் அதை ஒருவரும் கேட்பதில்லை.

பிப்ரவரி 4

வரலாறு கேட்டவருக்குச் சுருக்கமாக. பெயரை 1969இல் யாஸ்காவா எலக்ட்ரிக் நிறுவனத்தின் டெட்சுரோ மோரி சூட்டினார். வேலை அதற்கு முந்தியது. யூனிமேட் ரோபோ 1961இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் சூடான வார்ப்புகளை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டது. அதே நிறுவனத்தின் பற்சக்கரப் பெட்டிப் பிரிவு, ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) நிறைந்த அலமாரிகளுக்கு மாற்று வேண்டுமென்று 1968இல் கேட்டதன் விளைவுகளில் ஒன்றுதான் டிக் மார்லி குழுவின் மோடிகான் 084; இன்று நாம் பிஎல்சி என்று அழைக்கும், ஆலை இயந்திரங்களை நிரலால் கட்டுப்படுத்தும் கணினியின் முன்னோடி அது.

இன்னும் பின்னே போனால் ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இயந்திரத்துக்குப் பொருத்திய, இரு குண்டுகள் சுழன்று வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் கவர்னர் வருகிறது. நம் விவாதத்துக்கு உதவுவது அதன் பிற்காலக் கதை. உற்பத்தித் தரம் உயர்ந்து கவர்னர்களில் உராய்வு குறைந்தபோது, சில இயந்திரங்கள் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு மாறாக ஏறி இறங்கி ஊசலாடத் தொடங்கின. உராய்வு என்ற ‘குறை’தான் அதுவரை அதிர்வை அடக்கி வந்திருக்கிறது. மேக்ஸ்வெல் 1868இல் இதைச் சமன்பாடுகளாக எழுதினார். ஒரு துறையில் செய்த நல்ல திருத்தம் மொத்த அமைப்பைக் கெடுக்கலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 6

“பொதுவாகப் பேசாமல் ஒரு உதாரணம் சொல்லுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம்.

சிறு உலோகப் பாகங்களைத் தட்டிலிருந்து எடுத்து, கேமராவின் கீழ் காட்டி, நல்லது ஒரு பக்கமும் கெட்டது மறுபக்கமும் வைக்கும் இயந்திரம் அது. சுழலும் கை ஒன்று பாகத்தைக் கேமராவின் கீழ் கொண்டுவந்து நிற்கும். நின்றவுடன் கையின் நுனி நடுங்கும். நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்து படம் எடுத்தால் சுழற்சி நேரம் போதவில்லை. காத்திருக்காமல் எடுத்தால் படம் மங்கல்.

இயந்திரப் பொறியாளர் கையைத் தடிமனாக்கினார். தன் எடையை மட்டும் சுமக்கும் ஒரு கையின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும், எடை இரு மடங்காகும், ஆகவே இயல்பு அதிர்வெண் இரு மடங்காகும். கணக்கு சரி, நடுக்கமும் சீக்கிரம் அடங்கியது. ஆனால் மோட்டார் சுழற்ற வேண்டிய நிலைமமும் இரட்டித்துவிட்டதால் முடுக்கத்துக்கு அதிக நேரம் பிடித்தது. அடங்கும் நேரத்தில் கிடைத்த லாபம் முடுக்கும் நேரத்தில் போனது. மின்பொறியாளர் பெரிய மோட்டார் கேட்டார். பெரிய மோட்டாருக்குப் பெரிய டிரைவ் (மோட்டாருக்கு மின்சக்தியை அளந்து கொடுக்கும் பெட்டி) வேண்டும், அதற்குப் பேனலில் இடமில்லை. நிரலாளர் முடுக்கத்தின் ஏற்ற இறக்கத்தை மென்மையாக்கினார். நடுக்கம் குறைந்தது, நகரும் நேரம் நீண்டது. மூவரும் தத்தம் துறையில் சரியாகவே செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தீர்வு வெளிச்சத்தில் இருந்தது. கை எதற்காக நிற்க வேண்டும்? படம் மங்காமல் இருக்க. மங்கலை முடிவு செய்வது கையின் வேகம் மட்டுமன்று, ஒளி விழும் நேரமும்தான். நுனி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும்போது 10 மைக்ரோவினாடி மட்டும் ஒளிரும் பளிச்சொளியைக் கொடுத்தால், அந்த நேரத்தில் பாகம் நகர்வது 0.02 மில்லிமீட்டர், அந்தச் சோதனைக்கு அது போதுமானதற்கும் மேல். கை நிற்கவே இல்லை. நிற்காததால் அங்கே அடங்க வேண்டிய நடுக்கமும் இல்லை. பளிச்சொளியைச் சரியான கணத்தில் தூண்ட வேண்டும் என்ற புதிய கடினம் வந்தது உண்மை. அதை, மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று எண்ணும் என்கோடரின் எண்ணிக்கையிலிருந்து நேரடியாகத் தூண்டும் ஒரு வெளியீடு சுமந்தது.

இயந்திரவியல் சிக்கலை ஒளியியலுக்கும் நேரக்கணக்குக்கும் மாற்றினோம். கையும் பழைய மெல்லிய கையாகவே இருந்தது.

பிப்ரவரி 7

இன்னொன்று, சிறியது. நகரும் மேசையின் எடையைக் குறைக்க, அதில் பொருத்தியிருந்த எஃகுத் தகட்டை ஒருவர் அலுமினியமாக மாற்றினார். அந்தத் தகட்டைப் பார்த்துத்தான், அருகே வரும் உலோகத்தைத் தொடாமலே உணரும் ஓர் இண்டக்டிவ் சென்சார் மேசையின் தொடக்க நிலையை அறிந்துவந்தது. அத்தகைய சென்சாரின் அட்டவணையில் குறித்திருக்கும் உணர்தூரம் மென் எஃகுக்கானது. சாதாரண வகைகளில் அலுமினியத்துக்கு அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மேசை சில நேரம் தன் வீட்டைக் கண்டுபிடித்தது, சில நேரம் தாண்டிப் போய் முட்டியது. வரைபடத்தில் அது வெறும் பொருள் மாற்றம். மின்சுற்றுப் படத்தில் எந்த மாற்றமும் இல்லை. நிரலில் ஒரு வரி மாறவில்லை. ஆனாலும் இயந்திரம் கெட்டது.

பிப்ரவரி 10

நேரத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மூன்று துறைகளும் ஒன்றையொன்று உண்மையில் தொடும் இடம் அதுதான்.

ஓடும் தாளில் அச்சிட்ட குறியைச் சென்சார் கண்டதும் கத்தி இறங்கி வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாள் வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது. பிஎல்சி ஒரு சுற்றில் உள்ளீடுகளைப் படித்து, நிரலை ஓட்டி, வெளியீடுகளை எழுதுகிறது. அந்தச் சுற்று 10 மில்லிவினாடி என்றால், குறி கடந்த செய்தி நிரலுக்குத் தெரிவதற்குள் தாள் எங்கோ 0 முதல் 10 மில்லிமீட்டர் வரை நகர்ந்திருக்கும். ‘எங்கோ’ என்பதுதான் வில்லன். சென்சார் அரை மில்லிவினாடி தாமதித்தால், ஒவ்வொரு முறையும் அதே அரை மில்லிவினாடி தாமதித்தால், அரை மில்லிமீட்டரைக் கணக்கில் கழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மாறாத தாமதத்துக்கு ஈடு செய்ய முடியும். ஒவ்வொரு முறையும் மாறுகிற தாமதத்துக்கு எந்த நிரலாலும் ஈடு செய்ய முடியாது.

எனவே குறிச் சென்சாரின் கம்பியைப் பிஎல்சியின் சாதாரண உள்ளீட்டில் இணைக்காமல், டிரைவில் இருக்கும் வேகமான உள்ளீட்டில் இணைப்பது வழக்கம். குறி வந்த கணத்தில் என்கோடர் எந்த எண்ணில் இருந்தது என்பதை வன்பொருளே பிடித்து வைத்துக்கொள்ளும். பிஎல்சி அதை நிதானமாக அடுத்த சுற்றில் படித்தாலும் கெடுதியில்லை, ஏனென்றால் அது படிப்பது நேரத்தை அல்ல, இடத்தை.

இந்த ஒரு கம்பி எங்கே போக வேண்டும் என்பதைப் பேனல் வரைபவர் முடிவு செய்கிறார். அது ஏன் அங்கே போக வேண்டும் என்பதைத் தாளின் வேகம் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

பிப்ரவரி 11

“வேகமான பிஎல்சி வாங்கினால் தீர்ந்தது” என்ற பதிலைப் பார்த்தேன். சுற்று நேரம் ஒரு மில்லிவினாடி ஆனால் சிதறலும் ஒரு மில்லிமீட்டராகக் குறையும். வேலைக்கு அது போதுமென்றால் வாங்கிவிடுங்கள், மறுப்பில்லை. ஆனால் நேற்று எழுதியதை இன்னும் சற்றுக் கூர்மையாக்குகிறேன். கத்தி நியூமேட்டிக் சிலிண்டரால் இயங்கினால், இந்த விவாதமே வீண். வால்வு திறக்கும் நேரமும், காற்றழுத்தம் ஏறும் நேரமும், குளிர்ந்த காலையில் சீலின் உராய்வும் சேர்ந்து தரும் சிதறலுக்கு முன்னால் பிஎல்சியின் ஒரு மில்லிவினாடி காணாமல் போய்விடும். சங்கிலியில் எந்த இணைப்பு அதிகம் சிதறுகிறது என்று முதலில் அளக்க வேண்டும். நல்ல பிஎல்சியையும் மோசமான வால்வையும் ஒரே கொள்முதல் பட்டியலில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 15

திரவம் நிரம்பிய குவளைகளை நகர்த்தும் இயந்திரத்தில் தளும்பலைத் தவிர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு.

“மெதுவாக நகர்த்துங்கள்” என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். அது பாதி உண்மை. எட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள குவளையில் திரவத்தின் மேற்பரப்பு வினாடிக்கு மூன்று முதல் நான்கு முறை இயல்பாக அலையும். திரவத்தின் அடர்த்தி அந்த எண்ணைத் தொடுவதில்லை. விட்டமும் ஆழமும்தான் முடிவு செய்கின்றன. பாகுத்தன்மை எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதை மட்டும் பெரும்பாலும் மாற்றும்.

இப்போது ஒரு அலைவுக்கு 0.3 வினாடி என்று வையுங்கள். மாறாத முடுக்கத்தைச் சரியாக 0.3 வினாடி கொடுத்து, பிறகு அதே அளவு எதிர்முடுக்கத்தைச் சரியாக 0.3 வினாடி கொடுத்து நிறுத்தினால், குவளை நின்றதும் தளும்பல் ஏறக்குறைய மிஞ்சாது. ஒவ்வொரு தள்ளலும் ஒரு முழு அலைவை எழுப்பி அதே அலைவை விழுங்கிவிடுகிறது. அதே தூரத்தை ‘பாதுகாப்பாக’ இன்னும் மெதுவாக, தள்ளலுக்கு 0.45 வினாடி எடுத்து நகர்த்தினால், முடுக்கம் பாதிக்கும் கீழே போனாலும் தளும்பல் கூடும். மெதுவாக்கியதால் கெட்டது என்று இயந்திரத்தை ஓட்டுபவர் வந்து சொல்லும்போது யாரும் நம்புவதில்லை. நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

குவளையின் அளவு மாறினால் அலைவு நேரம் மாறும், எனவே நகர்வின் வடிவமும் மாற வேண்டும். சுழலும்போது தன் விளிம்பின் வடிவத்தாலேயே நகர்வைத் தரும் கேம் தட்டால் இயங்கும் இயந்திரத்தில் இதற்குத் தட்டையே மாற்ற வேண்டும், நிரல் சொல்லும்படி நகரும் சர்வோ மோட்டாரில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். குவளை ஒருபோதும் மாறாது என்று உறுதியாகத் தெரிந்தால் கேம்தான் சிறந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதற்கு நிரல் பதிப்பு இல்லை, கடவுச்சொல் இல்லை, நள்ளிரவில் யாரும் அதைத் திருத்த முடியாது.

பிப்ரவரி 16

இயந்திரம் ஓடாத நாளில் எங்கள் தளத்தில் கேட்கும் உரையாடல்: இயந்திரப் பொறியாளர், “நிரலில் சரிசெய்யலாமே”. நிரலாளர், “இயந்திரத்தில் ஏதோ தளர்ந்திருக்கிறது”. மின்பொறியாளர், “எர்த் பார்த்தீர்களா?” வேடிக்கை என்னவென்றால் மூன்றாமவர் சொல்வது அடிக்கடி சரியாகிவிடுகிறது. மோட்டார் கம்பியும் என்கோடர் கம்பியும் ஒரே தடத்தில் கட்டுக்கட்டாகப் போகும் இயந்திரத்தில், மாயமாகத் தோன்றும் எண்ணிக்கைப் பிழைக்கு வேறு விளக்கம் தேடுவதற்கு முன், ஒன்றின் மின்னிரைச்சல் மற்றதில் புகுகிறதா என்று அந்தக் கட்டைப் பிரித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 19

பாதுகாப்பு பற்றிப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய இன்னொரு கருத்தோடு, அதாவது “அவசர நிறுத்தம் என்பது மின்சாரத்தைத் துண்டிப்பதுதானே” என்பதோடு, நான் உடன்படவில்லை.

ஐஇசி 60204-1 தரம் நிறுத்தங்களை மூன்றாகப் பிரிக்கிறது: உடனே மின்சக்தியை நீக்குவது 0ஆம் வகை, கட்டுப்பாட்டோடு நிறுத்தி, நின்ற பிறகு சக்தியை நீக்குவது 1ஆம் வகை, கட்டுப்பாட்டோடு நிறுத்திச் சக்தியை வைத்திருப்பது 2ஆம் வகை. அவசர நிறுத்தத்துக்கு முதல் இரண்டில் ஒன்றுதான் செல்லும். எது என்பதைத் தேர்ந்தெடுப்பது வடிவமைப்பு முடிவு. வேகமாகச் சுழலும் கனமான உருளையின் மின்சாரத்தைத் துண்டித்தால் அது நிற்காது, தன் போக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். மோட்டாராலேயே பிடித்து நிறுத்திவிட்டுப் பிறகு துண்டிப்பது அங்கே பாதுகாப்பானது.

செங்குத்து அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வோவை அணைத்தால் சுமை தன் எடையில் இறங்கும், எனவே மோட்டாரில் பிரேக் வைக்கிறோம். பிரேக் சுருளில் மின்சாரம் நின்றதும் வில் தட்டை அழுத்திப் பிடிக்கும். ஆனால் அது பிடிக்கப் பத்துக்கணக்கான மில்லிவினாடிகள் ஆகலாம். பிரேக்குக்கும் மோட்டாருக்கும் ஒரே கணத்தில் சக்தியை நீக்கினால் அந்த இடைவெளியில் அச்சு ஒரு துளி கீழே இறங்கும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ‘டொக்’ என்ற மெல்லிய சத்தமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இறக்கமும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பிரேக்குக்கு முதலில் கட்டளை கொடுத்து, அது பிடிக்கும்வரை மோட்டார் முறுக்குவிசையைத் தாங்கி நிற்க வேண்டும். இன்னொன்று: இந்தப் பிரேக் பிடித்து வைப்பதற்கானது, ஓட்டத்தை நிறுத்துவதற்கானது அன்று. தினமும் ஓடும்போதே அதைப் போட்டு நிறுத்தினால் தட்டு தேய்ந்து, ஒருநாள் பிடிக்காது.

நிரலை மட்டும் நம்பிப் பாதுகாப்பை விடுவது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்குத் தெராக்-25 கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் போதும். 1985 முதல் 1987 வரை குறைந்தது ஆறு நோயாளிகள் மிகையான கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள், சிலர் இறந்தார்கள். முந்தைய தெராக்-20இலும் அதே வகை நிரல் பிழை இருந்தது. ஆனால் அங்கே தனி மின்சுற்றுத் தடைகள் இருந்ததால் பிழை நேரும்போது ஃபியூஸ் எரிந்ததோடு முடிந்தது. புதிய இயந்திரத்தில் அந்தத் தடைகளை நீக்கி, வேலையை நிரலிடம் ஒப்படைத்திருந்தார்கள். கடினத்தை எந்தத் துறை சுமக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தவறான பதில் எவ்வளவு விலை கேட்கும் என்பது இதுதான்.

அவசர நிறுத்தப் பொத்தானின் தொடர்பு இயல்பில் மூடியே (மின்சாரம் ஓடும் நிலையில்) இருக்க வேண்டும் என்பதும், சென்சார் தன் அளவைச் சொல்லும் 4 முதல் 20 மில்லியாம்பியர் சைகையில் பூஜ்யம் என்பதற்கு 4 மில்லியாம்பியர் வைத்திருப்பதும் ஒரே சிந்தனையில் பிறந்தவை: கம்பி அறுந்தால் அது ‘எல்லாம் சரி’ என்று தோன்றக் கூடாது.

பிப்ரவரி 23

நான் இதுவரை எழுதியதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. நகர்வு, நேரம், பாதுகாப்பு எல்லாம் பேசினேன். இயந்திரம் நின்ற பிறகு மறுபடி எழுவதைப் பற்றிப் பேசவில்லை. வேலையின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது.

இயல்பான சுழற்சியை எழுதுவது எளிது. பாகத்தை எடு, திருப்பு, வை. ஆனால் கை பாகத்தைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் இருக்கும்போது கதவைத் திறக்கிறார்கள். உள்ளே கைவிட்டுப் பாகத்தை எடுத்துவிடுகிறார்கள், அல்லது எடுக்காமல் விடுகிறார்கள், அல்லது வேறொரு பாகத்தை வைத்துவிடுகிறார்கள். மறுபடி தொடக்கப் பொத்தானை அழுத்தும்போது இயந்திரத்துக்கு எது தெரியும்? பிடிப்பானில் பாகம் இருக்கிறதா என்று சொல்ல ஒரு சென்சார் இல்லையென்றால், நிரலின் நினைவு சொல்வதும் உண்மை நிலையும் அந்தக் கணத்தில் பிரிந்துவிடுகின்றன. அந்தச் சென்சாருக்குப் பிடிப்பானில் இடம் வேண்டும், அதன் கம்பிக்கு, கம்பிகளைச் சுமந்து அசையும் சங்கிலியில் இடம் வேண்டும், பிஎல்சியில் ஓர் உள்ளீடு வேண்டும். இவை மூன்றும் முதல் வாரத்திலேயே கேட்கப்பட வேண்டியவை. கடைசி வாரத்தில் கேட்டால் பிடிப்பானை மறுபடி வெட்ட வேண்டும்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் வழக்கம் இது: முதல் வரைபடத்துக்கு முன்பே, இயந்திரத்தின் நிலைகளை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு நிலையிலும் “இங்கே மின்சாரம் போனால்?” என்று எழுதி, பதில் தெரியாத இடங்களை வட்டமிடுவேன். வட்டங்கள்தான் சென்சார் பட்டியல்.

பிப்ரவரி 26

மாணவ நண்பரின் கேள்விகள் இரண்டு. முதலாவது, எதைப் படிப்பது. பாடத்திட்டத்தை நான் சொல்லப் போவதில்லை. கையால் ஒரு பேனலுக்கு வயரிங் செய்யுங்கள். ஒரு சிறு அச்சை நீங்களே கட்டி அது அதிரும்வரை அதன் கெயினை (பிழையைத் திருத்த டிரைவ் காட்டும் வேகத்தை) ஏற்றுங்கள். கியர் விகிதம் 5 என்றால் சுமையின் நிலைமம் மோட்டாருக்கு 25இல் ஒரு பங்காகத் தெரியும் என்பதை விரலால் முறுக்கி உணருங்கள். இருமடியின் பலம் வேறெப்படியும் மனத்தில் பதிவதில்லை. மூன்றில் ஏதேனும் ஒரு துறையை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். மற்ற இரண்டில், அத்துறையினர் எதற்கு அஞ்சுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

இரண்டாவது, கணினிக்குள் இயந்திரத்தின் மாதிரியை ஓட்டிப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல்கள் தீராதா என்பது. வரிசைப் பிழைகளும் மோதல்களும் அங்கேயே பிடிபடும். பெரிய சேமிப்பு, சந்தேகமில்லை. ஆனால் மாதிரி சூடாவதில்லை. எஃகு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 12 மைக்ரோமீட்டர் நீளும். சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் ஒரு மீட்டர் பால் ஸ்க்ரூ ஓடி ஓடி 10 டிகிரி சூடானால் 0.12 மில்லிமீட்டர். காலையில் சரியாக விழுந்த துளை மதியம் தள்ளி விழுவதை மாதிரியில் யாராவது வேண்டுமென்றே எழுதி வைத்தால்தான் காண முடியும். சென்சார் கண்ணாடியில் படியும் எண்ணெய்ப் படலமும் அப்படியே.

மார்ச் 2

கேள்வியைத் தொடங்கிய நண்பர் திரும்பி வந்து, “அப்படியானால் எல்லா இயந்திரத்துக்கும் நான்காமவர் வேண்டுமா” என்கிறார். வேண்டாம். இரண்டு சிலிண்டரும் நான்கு சென்சாரும் கொண்ட எளிய அழுத்து இயந்திரத்துக்கு அனுபவமுள்ள ஒரு மின்பொறியாளரே போதும். மறுகோடியில், மிகப் பெரிய இயந்திரங்களுக்கு ஒருவர் தலைக்குள் மொத்தமும் அடங்காது; அங்கே ஆழ்ந்த நிபுணர்களும் அவர்களுக்கிடையே தெளிவாக எழுதிய இடைமுக ஆவணமும் வேண்டும். நான் பேசுவது இடைப்பட்ட இயந்திரங்களைப் பற்றி; தானியங்கி இயந்திரங்களில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன என்பது என் கணிப்பு.

எஃகை எப்போதும் விறைப்பாக வைப்பதுதான் நல்ல வடிவமைப்பு என்ற எண்ணம் இந்த இழையில் சிலரிடம் தெரிகிறது. ஒரு முளையைத் துளைக்குள் இறக்கும் வேலையைப் பாருங்கள். விறைப்பான கை நூலிழை விலகினாலும் முளை விளிம்பில் சிக்கும். யமனாஷி பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மகினோ 1978இல் உருவாக்கிய ஸ்காரா ரோபோ, செங்குத்தில் விறைப்பாகவும் கிடைமட்டத்தில் சற்று விட்டுக்கொடுப்பதாகவும் அமைந்தது. முளை தானே வழுகித் துளையைக் கண்டுகொள்ளும். 1970களில் டிரேப்பர் ஆய்வகத்தினர் மணிக்கட்டில் வைக்கும் நெகிழ்வான இணைப்பு ஒன்றையும் இதே நோக்கில் உருவாக்கியிருந்தார்கள். விசைச் சென்சாரும் வேகமான கணக்கும் செய்ய வேண்டிய வேலையை ரப்பரும் எஃகும் மின்சாரமே இல்லாமல் செய்கின்றன. பிப்ரவரி 6ஆம் தேதிக் குறிப்பில் இயந்திரவியலிலிருந்து மற்றவற்றுக்குச் சுமையை மாற்றியதைப் பார்த்து, நான் எப்போதும் மின்னணுவின் பக்கம் என்று நினைத்தவர்களுக்கு இது.

மார்ச் 5

தன் இயந்திரத்தின் கை நடுங்குகிறது, ஆனால் என்கோடர் வரைபடத்தில் மோட்டார் அழகாக நின்றுவிட்டதாகத் தெரிகிறது என்று படம் போட்டவருக்கு: இரண்டும் உண்மையாக இருக்கலாம். உங்கள் என்கோடர் மோட்டாரின் பின்னால் இருக்கிறது, நடுக்கம் கையின் நுனியில். நடுவே கியரும், தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கும் வளைகின்றன. கெயினை ஏற்றி நுனியை அடக்க முயல வேண்டாம். டிரைவுக்கு நுனி தெரியாது.

முதலில் அளந்து பாருங்கள். சர்வோவைப் பிடித்த நிலையில் வைத்து, நுனியில் சிறு முடுக்கமானியை ஒட்டி, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியை நுனியில் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கைப்பேசியின் எடையே கையின் அதிர்வெண்ணைக் கீழே இழுத்துவிடும். தவிர, அது வினாடிக்கு நூறு முறை மாதிரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அதிர்வு வேறொரு சிறிய எண்ணாக வேடமிட்டுத் தோன்றும். கை கனமாகவும் அதிர்வு கண்ணால் எண்ணக்கூடிய அளவு மெதுவாகவும் இருந்தால் மட்டும் முயலுங்கள். பிடிப்பானில் பாகத்தோடு ஒரு முறை, பாகமில்லாமல் ஒரு முறை அளந்து, இரண்டு எண்களையும் கையின் நீளத்தோடு இங்கே பதிவிடுங்கள். இரண்டும் அதிகம் வேறுபட்டால் நகர்வின் வடிவத்தைப் பாகத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கப்ளிங்கையும் கியர் பிடிமானத்தின் போல்ட்டுகளையும் கழற்றிப் பார்த்த பிறகு மேற்கொண்டு பேசலாம்.